ஏழும் எட்டும்

2021 ஜூலை 30, வெள்ளிக்கிழமை காலை. திருப்பத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் பேச்செல்லாம் குத்துச்சண்டைதான். எட்டு நாளைக்கு முன்னால்தான் ‘சார்பட்டா பரம்பரை’ படம் அமேசான் பிரைமில் வந்திருந்தது. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு அதில் வரும் டான்சிங் ரோஸ் மாதிரி காலை மாற்றி மாற்றி வைத்துக் காட்டாத பையன் அந்த வாரம் எங்கள் ஊரில் இல்லை. அந்தச் சூடு ஆறுவதற்குள் முந்தின நாள் டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம் தோற்றுவிட்டார்.

கடைக்கு அன்றாடம் வரும் தம்பி ஒருவன், செல்போன் கடையில் வேலை பார்ப்பவன், பேப்பரை என் முன்னால் விரித்தான்.

“அண்ணே, இதைப் பாருங்க. மூணு ரவுண்டுல ரெண்டு ரவுண்டு மேரி கோம் ஜெயிச்சிருக்கு. ஒரே ஒரு ரவுண்டுதான் அந்தக் கொலம்பியாக்காரம்மா. அப்புறம் எப்படிண்ணே இவங்க தோத்தாங்க? ஏமாத்திட்டாங்கண்ணே.”

கோபத்தில் அவன் குரல் நடுங்கியது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆறு முறை உலகச் சாம்பியன், 2012 லண்டனில் ஒலிம்பிக் வெண்கலம், 38 வயது, வீட்டில் பிள்ளைகள். டோக்கியோ தொடக்க விழாவில் நம் கொடியைத் தூக்கி வந்த இருவரில் ஒருவர். அவர் தோற்றதை நம்ப மனம் வராதுதான். ஆனால் அவன் கேட்டது நியாயமான கணக்குக் கேள்வி. அதற்கு விடை அன்றைய பேப்பரில் இல்லை. பேப்பர் கேள்வியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தது.

“உட்காரு. அஞ்சு காலி கிளாஸ் வாங்கிட்டு வா. ஒரு தீப்பெட்டியும்” என்றேன்.

இனி உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். வளையத்தைச் சுற்றி ஐந்து நடுவர்கள். ஐந்து கிளாஸ். சுற்று மூன்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒவ்வொரு நடுவரும் தனித்தனியாக முடிவெடுப்பார்: அந்தச் சுற்றில் யார் மேல். மேலானவருக்கு 10 புள்ளி, மற்றவருக்கு 9. அடி பலமாக வாங்கித் தள்ளாடினால் 8, அதற்கும் கீழே 7. சமம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. மூன்று சுற்றையும் கூட்டி, ‘என் கணக்கில் இவர் ஜெயித்தார்’ என்று ஒவ்வொரு நடுவரும் ஒரு பெயரைத் தருவார். ஐந்து பேரில் மூன்று பேர் யார் பெயரைத் தருகிறார்களோ அவர் கைதான் மேலே போகும். சுற்றுக்குச் சுற்று வெற்றி தோல்வி என்று ஒன்று விதியில் கிடையாது. அது தொலைக்காட்சியும் பத்திரிகையும் நம் வசதிக்காகச் சொல்லும் கணக்கு.

இப்போது தீக்குச்சி. ஒரு கிளாஸுக்கு மூன்று வீதம் பதினைந்து குச்சி. மருந்து முனை நம் பக்கம் இருந்தால் மேரி, அந்தப் பக்கம் இருந்தால் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியா. முதல் சுற்றில் ஐந்து பேரில் நான்கு பேர் 10-9 என்று வலென்சியாவுக்குக் கொடுத்தார்கள், ஒருவர்தான் மேரிக்கு. இரண்டாவதில் மூன்று பேர் மேரிக்கு, இரண்டு பேர் வலென்சியாவுக்கு. மூன்றாவதும் அதேபோல 3-2.

“எண்ணு” என்றேன். எண்ணினான். மேரி பக்கம் ஒன்று, மூன்று, மூன்று. ஏழு. வலென்சியா பக்கம் நான்கு, இரண்டு, இரண்டு. எட்டு.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘மூன்றில் இரண்டு’ என்று படித்தபோது மேரி கண்ணுக்கெட்டாத தூரம் முன்னால் நின்றார். ‘பதினைந்தில் ஏழு’ என்று எண்ணியதும் ஒரு குச்சி பின்னால் நிற்கிறார். இரண்டும் ஒரே சண்டைதான்.

அதோடு நிறுத்தவில்லை. குச்சிகளைக் கிளாஸ் வாரியாக அடுக்கிக் காட்டினேன். முதல் கிளாஸ் மூன்று சுற்றும் மேரிக்கு. இரண்டாவது கிளாஸ் கடைசி இரண்டு சுற்று மேரிக்கு. மூன்றாவது கிளாஸ் இரண்டாம் சுற்று மட்டும் மேரிக்கு. நான்காவது கிளாஸ் மூன்றாம் சுற்று மட்டும். ஐந்தாவது கிளாஸ் ஒன்றுகூட இல்லை. இப்படி வைத்தால் இரண்டு கிளாஸ் மேரியிடம், மூன்று கிளாஸ் வலென்சியாவிடம். 3-2. அன்றைக்கு வந்த முடிவும் அதுதான். வேறு மாதிரியும் அடுக்கலாம். எப்படி அடுக்கினாலும் மொத்தம் ஏழும் எட்டும்தான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான்காவது கிளாஸில் மேரிக்கு விழுந்த அந்த ஒற்றைக் குச்சி மூன்றாவது கிளாஸில் விழுந்திருந்தால், அதே ஏழு குச்சியை வைத்துக்கொண்டு மேரி 3-2 என்று ஜெயித்திருப்பார். அவ்வளவு நெருக்கமான சண்டை அது. இரண்டு பெரிய வீராங்கனைகள், மயிரிழையில் ஒருவர். எழுத எவ்வளவு பெரிய விஷயம்! அதை விட்டுவிட்டு, ‘இரண்டு சுற்றில் வென்றும் தோல்வி’ என்று எழுதியதில் என்ன மிஞ்சியது? ஒரு ஊருக்குக் கோபமும், ஒரு தேசத்துக்குச் சந்தேகமும்.

மேரியே அன்று குழம்பித்தான் போனார். வளையத்தை விட்டு இறங்கும்போது ஜெயித்துவிட்டதாகவே நினைத்திருந்ததாகவும், ஊக்கமருந்துச் சோதனைக்குப் போகும்போதுகூடச் சந்தோஷமாக இருந்ததாகவும், சமூக ஊடகத்தில் பார்த்த பிறகும் பயிற்சியாளர் சோட்டே லால் யாதவ் எடுத்துச் சொன்ன பிறகும்தான் தோல்வி உறைத்ததாகவும் அவரே சொன்னார். முன்னாள் விளையாட்டு அமைச்சர் கிரண் ரிஜிஜு, நம் எல்லோர் கண்ணிலும் மேரிதான் தெளிவான வெற்றியாளர், நடுவர்களுக்கு அவர்கள் கணக்கு என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். தோற்றவருக்கு வலி உண்டு. அமைச்சராக இருந்தவருக்குத் தேற்ற வேண்டிய கடமை உண்டு. அவர்கள் அப்படிப் பேசியதில் எனக்கு வருத்தமில்லை. செய்தி எழுதுகிறவனுக்கு இருப்பது வேறு வேலை. வலியைச் சொல்ல வேண்டும், ஆறுதலைச் சொல்ல வேண்டும், பக்கத்திலேயே பத்து வரியில் கணக்கையும் போட வேண்டும். அந்தப் பத்து வரியை எழுதியவர்கள் குறைவு.

“அப்ப பேப்பர்ல பொய் எழுதிருக்காங்களாண்ணே?” என்று கேட்டான் தம்பி.

இல்லை. அதுதான் இதில் பிடிபடாத இடம். மேரி இரண்டு சுற்றில் பெரும்பான்மை பெற்றது உண்மை. ரிஜிஜு அப்படி எழுதியது உண்மை. மேரி நம்ப முடியாமல் நின்றது உண்மை. சொந்த ஊர்ப் பத்திரிகை சாய்வது பெரும்பாலும் பொய்யால் இல்லை. எந்த உண்மையை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் சாய்வு உட்கார்ந்திருக்கிறது. விட்டுப்போனது என்ன? முதல் சுற்றின் நான்குக்கு ஒன்று. வலென்சியா 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர் என்பது. 2019இல் ரஷ்யாவின் உலான் உடேயில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் இதே வலென்சியாவை மேரி 5-0 என்று வென்றிருந்தார் என்பதும், அந்தத் தோல்விக்குப் பிறகு வலென்சியா தன்னைத் திருத்திக்கொண்டு வந்திருக்கலாம் என்பதும்.

நம் விளையாட்டுப் பக்கத்தின் வினைச்சொற்களைக் கவனித்திருக்கிறீர்களா? நம்மவர் தோற்றால் ‘போராடித் தோல்வி’. அடுத்தவர் நம்மிடம் தோற்றால் ‘பந்தாடினார்’, ‘வீழ்த்தினார்’, ‘ஊதித் தள்ளினார்’. நம்மவருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, அம்மா அப்பா உண்டு. எதிரில் நின்றவர் வெறும் ‘கொலம்பிய வீராங்கனை’. தம்பி முழுச் செய்தியையும் இரண்டு தரம் படித்திருந்தான். வலென்சியா என்ற பெயர் அவன் வாயில் வரவில்லை. ‘அந்தக் கொலம்பியாக்காரம்மா’ என்றுதான் சொன்னான். ஒரு பெயரை மனதில் நிறுத்தாத செய்தி, அந்த ஆள் நன்றாக அடித்தார் என்பதை எப்படி நிறுத்தும்?

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. பத்து வருடம் பகுதிநேர நிருபராக இந்தப் பக்கத்துச் செய்திகளை அனுப்பியவன் நான். எங்கள் பக்கம் மஞ்சுவிரட்டுச் சீமை. தை பிறந்தால் சிராவயல், மாசி மகத்துக்கு அரளிப்பாறை. நடுவில் ஊருக்கு ஊர் வடமாடு. வடமாடு பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: பொட்டலின் நடுவில் முளையடித்து நீண்ட வடத்தில் காளையைக் கட்டிவிடுவார்கள். எதிரே ஒன்பது வீரர்கள். 20 நிமிடமோ 25 நிமிடமோ விழாக் குழு வைப்பதுதான் நேரம். அதற்குள் மாட்டை அடக்கினால் வீரர்களுக்குப் பரிசு, அடக்காவிட்டால் மாட்டுக்குப் பரிசு.

ஒரு தடவை எங்கள் ஊர்ப் பையன்கள் ஒன்பது பேர் இறங்கினார்கள். மாடு பக்கத்து ஊருடையது. வடத்தின் வட்டம் முழுக்கப் புழுதி. கடைசி நிமிடத்தில் ஒரு பையன் திமிலில் கை போட்டுத் தொங்கிவிட்டான். கூட்டம் துள்ளியது. அதற்கு ஒரு மூச்சு முன்னால் விசில் ஊதியாகிவிட்டது. ‘மாடு பிடிபடவில்லை’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நான் அன்று இரவு அனுப்பிய செய்தியில் விசில் இருந்தது, திமிலில் தொங்கிய பையன் இருந்தான், அவன் கண்ணீர் இருந்தது. மூன்றும் உண்மை. இரண்டு நாள் கழித்து மாட்டுக்காரப் பெரியவர் இதே பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்தார். சண்டை போட வரவில்லை. “தம்பி, இருவது நிமிசம் எங்க மாடு ஒரு கைய அண்ட விடாம நின்டுச்சே. அத எழுதலியே” என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தப் போட்டியைப் பற்றிப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அந்த மாட்டைத்தான். ஜெயித்தவர் என்ன செய்து ஜெயித்தார் என்ற ஒரு வரி அதில் இருக்கிறதா?

சாய்வு எழுதுகிறவரோடு நின்றுவிடுவதும் இல்லை. பக்கத்தில் கூட்டம் கத்தினால் நடுவரின் கண்ணே சாயும். ஐரோப்பிய சாம்பியன் குத்துச்சண்டைகளை எடுத்து இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2005இல் கணக்குப் பார்த்தார்கள். பலம் சமமாக உள்ள இருவர் மோதி நாக் அவுட்டில் முடிந்தால் உள்ளூர்க்காரர் ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 57. நடுவர் சண்டையை நிறுத்தி முடிவு சொன்னால் 66. புள்ளிக் கணக்கில் முடிந்தால் 74. விழுந்தவரை எண்ணும்போது கருத்துக்கு இடமில்லை. கருத்து நுழைய நுழைய உள்ளூருக்குக் காற்று அடிக்கிறது. வளையத்துக்குப் பக்கத்தில் பயிற்சி பெற்று உட்கார்ந்திருப்பவருக்கே இந்தக் கதி. டோக்கியோவிலிருந்து ஏறக்குறைய ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், நம் மூலையையே காட்டும் கேமராவையும் நம் அடிக்கு மட்டும் குரல் உயர்த்தும் வர்ணனையாளரையும் நம்பி உட்கார்ந்திருக்கும் நமக்கு எப்படி இருக்கும்?

2012 லண்டன் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 69 கிலோவில் நம் விகாஸ் கிருஷன், அமெரிக்காவின் எரால் ஸ்பென்ஸை 13-11 என்று வென்றதாக அறிவித்தார்கள். அமெரிக்கா முறையிட்டது. சில மணி நேரத்தில் முடிவு மாறி ஸ்பென்ஸ் 15-13 என்று ஜெயித்தவரானார். இந்தியா முழுக்க ‘பறித்துவிட்டார்கள்’ என்ற குரல். மாற்றியதற்குச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? மூன்றாவது சுற்றில் மட்டும் விகாஸ் ஒன்பது முறை எதிராளியைக் கட்டிப் பிடித்தார், நடுவர் ஒரே ஒரு எச்சரிக்கைதான் கொடுத்தார். இரண்டாவது சுற்றில் பல் காப்பை வேண்டுமென்றே துப்பினார். இவற்றுக்குக் குறைந்தது நான்கு புள்ளி ஸ்பென்ஸுக்குப் போயிருக்க வேண்டும். பதினொன்றோடு நான்கு பதினைந்து. ஜெயித்தாயிற்று என்று தூங்கப் போனவனை எழுப்பித் தோற்றாய் என்பது கொடுமைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த ஒன்பது கட்டிப் பிடிப்பு நம் வாசகருக்குச் சரியாகச் சொல்லப்பட்டிருந்தால், அடுத்து வளையம் ஏறப்போகும் பத்துப் பையன்களாவது அதிலிருந்து பாடம் கற்றிருப்பார்கள். ‘பறித்துவிட்டார்கள்’ என்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

அதற்காக நடுவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குத்துச்சண்டையைப் போல நடுவர்களால் நாறிய விளையாட்டு குறைவு. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 அடி அடித்தார், கொரியாவின் பார்க் சி-ஹுன் அடித்தது 32. தங்கம் 3-2 என்று பார்க்குக்குப் போனது. 2016 ரியோவில் பணியிலிருந்த 36 நடுவர்களையும் போட்டி முடிந்த பிறகு ஒதுக்கி வைத்தார்கள். அங்கே சண்டைகளின் முடிவுகள் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டதை மெக்லாரன் விசாரணை அறிக்கை 2021 செப்டம்பரில் வெளிக்கொண்டு வந்தது. டோக்கியோவில் குத்துச்சண்டையை நடத்தியதே பழைய சர்வதேச சம்மேளனம் இல்லை. அதை விலக்கி வைத்துவிட்டு ஒலிம்பிக் கமிட்டி தனிக்குழு போட்டு நடத்தியது.

அநியாயம் உண்மையிலேயே நடக்கிறது என்பதால்தான் எனக்கு இத்தனை கவலை. 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டி. அரையிறுதியில் நம் சரிதா தேவி, போட்டியை நடத்திய தென் கொரியாவின் பார்க் ஜி-னாவோடு மோதினார். பார்த்தவர்கள் வாயடைத்துப் போகிற மாதிரி முடிவு கொரியாவுக்குப் போனது. முறையீட்டை ஏற்கவில்லை. மறுநாள் பதக்க மேடையில் சரிதா அழுதுகொண்டே தன் வெண்கலத்தை அணிய மறுத்து, அதைப் பார்க்கின் கழுத்தில் போட்டுவிட்டார். சர்வதேச சம்மேளனம் சரிதாவுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. நம் பத்திரிகைகள் அன்று கொதித்தன, கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் வெளிநாட்டில் ஒருவர் அதைப் படிக்கும்போது என்ன நினைப்பார்? இந்தியப் பத்திரிகைகள் லண்டனிலும் இதே சொல்லைத்தான் சொன்னன என்று நினைப்பார். சரிதாவுக்குத் தேவைப்பட்ட சொல்லை விகாஸுக்குச் செலவழித்துவிட்டோம். மேரிக்கும் செலவழித்தோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நிஷாந்த் தேவ் மெக்சிகோவின் மார்கோ வெர்டேயிடம் 4-1 என்று தோற்ற இரவிலும் அதே சொல்தான் வந்தது.

இங்கே இன்னொன்றும் உண்டு. ‘நம்ம ஊர்’ என்பது எங்கே முடிகிறது? 2019 டிசம்பர் 28, டெல்லி. ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு யாரை அனுப்புவது என்று மேரிக்கும் நிஜாமாபாத்தின் நிகத் ஸரீனுக்கும் நேர் மோதல் வைத்தார்கள். பத்து நடுவரில் ஒன்பது பேர் மேரிக்கு. தெலங்கானா சங்கத்துக்காரர்கள் வளையத்தின் ஓரத்திலேயே எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். அன்று தெலங்கானாவுக்கு நிகத் சொந்த ஊர்ப் பெண், மேரி அடுத்தவர். ஒன்றரை வருடத்தில் டோக்கியோ வந்ததும் மேரி எல்லோருக்கும் சொந்தம், வலென்சியா அடுத்தவர். எல்லை நகர்கிறது. எழுதுகிற முறை மட்டும் நகரவில்லை.

சாயாத ஊரும் உண்டு. சியோல் பார்க் சி-ஹுனின் கதையில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. தங்கம் வாங்கி ஊர் திரும்பியவரை அவர் ஊரே ஏற்கவில்லை. நீ தோற்றவன் என்று சொந்த நாடே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த மனிதர் பல காலம் மனச்சோர்வில் கிடந்தார். நடுவர்கள் செய்த தப்புக்கு அவரைத் தண்டித்தது தவறுதான். ஆனால் உள்ளூர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை அந்த ஊர். 2023இல் பார்க் அமெரிக்கா போய், ராய் ஜோன்ஸின் வீட்டில் அந்தத் தங்கத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

டீ ஆறிவிட்டது. தம்பி குச்சிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டான். கடைசிக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: “அந்தம்மா பேரு என்னண்ணே?”

இங்ரிட் வலென்சியா. டோக்கியோவில் அடுத்த சண்டையிலேயே ஜப்பானின் சுகிமி நமிகியிடம் தோற்று, பதக்கம் இல்லாமல்தான் கொலம்பியா திரும்பினார். 2023 மார்ச்சில் உலகச் சாம்பியன் போட்டிக்காக டெல்லிக்கே வந்தார். 50 கிலோ அரையிறுதியில் நிகத் ஸரீன் அவரை 5-0 என்று வென்றார். அன்று நடுவர்களின் கணக்கு சரியா என்று கேட்ட ஒரு வரி என் கண்ணில் படவில்லை.